இரண்டு பக்கமும் ஒரே அம்பு

அத்தியாயம் 17

பின்வாசல் வழியாக வந்தது நல்லதாகப் போயிற்றா, கெட்டதாகப் போயிற்றா என்று மருமகளுக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. முன்வாசலில் திறப்பு விழாவுக்காக நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நுழைந்தாள். இருபது அடிகூட நடந்திருக்க மாட்டாள். தலையை நிமிர்த்தியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நடைகூடத்தின் நடுவில் சங்கிலியில் தொங்கியது பலகை. மஞ்சள் பின்னணியில் கறுப்பாக 'அவசர சிகிச்சை' என்று, அவளே அளந்து போட்ட எழுத்து. பக்கத்தில் கொழுகொழுவென்று ஓர் அம்புக்குறி. அம்பு காட்டிய பக்கத்தில் இருந்தது துடைப்பமும் வாளியும் வைக்கிற சாமான் அறை. அவசர சிகிச்சைப் பிரிவு நேர் எதிர்ப்பக்கம்.

மணி ஏழு ஐம்பது. பத்து மணிக்குத் திறப்பு விழா. ஆம்புலன்ஸ் வரப்போவது இந்தப் பின்வாசல் வழியாகத்தான்.

வாரா வாரம் இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு இந்த வேலை கைக்கு வந்த கதை தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இவர்களுடைய போர்டுக் கடையில் மூன்றே பேர். டிசைன் செய்வது மருமகள். எந்நேரமும் கையில் அளவு டேப்போடு திரிவதால் கடைத்தெருவில் அவளுக்கு டேப்புக்காரி என்று பெயர். ஸ்டிக்கர் வெட்டுவதும், வருகிறவர்களிடம் பேசிச் சமாளிப்பதும் அவளுடைய மாமியார். மருமகளுக்கு அவர் 'அத்தை'. ஏணி ஏறிப் பலகை மாட்டுவது கொழுந்தன். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டதால் அவனை நெட்டை என்பார்கள். மருமகளின் கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் கரைக்கு வர இன்னும் ஐந்து மாதம்.

இந்த ஆஸ்பத்திரி வேலைக்கு ரவுண்டானா அருகில் இருக்கும் பெரிய கடையும் போட்டி போட்டது. வாசலில் இரவும் பகலும் ஜொலிக்கிற எல்.ஈ.டி. எழுத்து வைத்துத் தருகிறோம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நிர்வாகி அதில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார். மருமகள்தான் வாயைத் திறந்தாள்.

"வாசல்ல ஆஸ்பத்திரி இருக்கறது எல்லாருக்கும் தெரியும் சார். உள்ளே வந்தப்புறம்தான் ஜனங்க திருதிருன்னு முழிக்கறாங்க. ஜொலிக்கிற ஒரு போர்டுக்கு ஆகற செலவுல உள்ளே இருபத்தாறு போர்டு மாட்டிடலாம்."

அவர் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் அக்ரிலிக் பலகை கேட்டதற்கும் வேண்டாம் என்றாள். புதுக் கட்டடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறையை மாற்றுவார்கள். ஃபோம் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், மாறும்போது ஸ்டிக்கரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எழுத்து அழகாக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று கணக்குப் போட வேண்டும். மூலையில் உட்கார்ந்திருந்த தலைமை நர்ஸ், மேட்ரன், அப்போதுதான் முதல் தடவையாகத் தலையாட்டினார். வேலை இவர்களுக்கு வந்தது.

வேலை வந்ததே தவிர நிம்மதி வரவில்லை. போன வாரம் நெட்டை மாடிப்படியில் நின்று ரவுண்டானா கடை முதலாளியோடு போனில் பேசியது மருமகளின் காதில் விழுந்துவிட்டது. "உங்க கடையில சேர்றதுன்னா..." என்பது வரைதான் கேட்டாள். அதற்கு மேல் நிற்கக் கால் வரவில்லை. அன்றிலிருந்து அதே நினைப்பு. அவன் போய்விட்டால் கடையில் பலகை மாட்ட ஆளில்லை என்பது ஒரு பக்கம். கணவன் ஊரில் இல்லாத வீட்டில் அவளுக்காகப் பரிந்து பேசுகிற ஒரே ஆளும் அவன்தான். அவனைப் போகவிடக் கூடாது. ஆனால் அதை அவனிடம் கேட்கவும் தைரியமில்லை. இப்படி ஒரு வாரமாக உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தவள்தான் இப்போது அந்த அம்புக்குறியின் கீழே நின்றாள்.

நெட்டை கொஞ்சம் தள்ளி, சுவரில் கடைசிப் பலகைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான். அருகில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் டியூப்லைட் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி! இதை இப்படித் திருப்பி மாட்டி வெச்சிருக்கீங்களே?"

அவன் டிரில்லிங் மெஷினை நிறுத்தினான். "எது அண்ணி?"

"அவசர சிகிச்சை போர்டு. அம்பு சாமான் ரூமைக் காட்டுது."

"இல்லையே. நேத்து மாட்டிட்டு முன்பக்கம் நின்னு பார்த்தேனே. சரியாத்தான் இருந்துது."

"நான் இப்போ இங்கே நின்னு பார்க்கறேன். எனக்குக் கண்ணு இல்லையா?"

"இந்தப் பக்கம் வந்து பாருங்க அண்ணி, ஒரு நிமிஷம்."

பத்து எட்டு நடந்து போய்ப் பார்த்திருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும். அவள் நடக்கவில்லை. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு கதை சொல்லாதீங்க. மனசு வேற கடையில இருந்தா கை இங்கே எப்படி ஒழுங்கா வேலை செய்யும்?"

எலெக்ட்ரீஷியன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நெட்டையின் முகம் சுருங்கிப்போயிற்று. அவன் எதிர்த்துப் பேசியிருந்தால்கூடத் தேவலை. மெஷினை மெதுவாகத் தரையில் வைத்தான். கைத்தூசியைத் தட்டினான்.

"அப்படியா அண்ணி? சரி."

அவ்வளவுதான். வாசலைப் பார்த்து நடந்தான். ஏணியும் மெஷினும் ஆணி டப்பாவும் அப்படியே கிடந்தன.

அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. அதையும் கோபத்தாலேயே மூடினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். பலகையை இரண்டு கொக்கியிலிருந்தும் கழற்றி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, மறுபடி மாட்டினாள். தோள்பட்டை கடுத்தது. இறங்கி வந்து பத்தடி தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தாள்.

அம்பு சாமான் அறையைத்தான் காட்டியது.

ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. முன்பக்கம் ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் அம்பு சரியாக அவசர சிகிச்சைப் பிரிவைக் காட்டியது. திரும்பப் பின்பக்கம் வந்தாள். சாமான் அறை.

இரண்டு பக்கமும் ஒரே படம். முன்னால் நிற்கிறவருக்கு வலது பக்கம் இருப்பது பின்னால் நிற்கிறவருக்கு இடது பக்கம் ஆயிற்றே. அம்பு மாற வேண்டாமா? கைக்குழந்தைக்குக்கூடத் தெரிகிற விஷயம். ஒரே டிசைனை இரண்டிரண்டாக அடித்தால் பிரிண்டிங்கில் செலவு பாதியாகும் என்று பெருமையாகச் சொன்னவள் அவள். திரையில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஓகே சொன்னவளும் அவள். இந்தப் பலகையை ஆயிரம் தடவை திருப்பி மாட்டினாலும் அது இப்படித்தான் காட்டும். நெட்டை மாட்டியதில் ஒரு குறையும் இல்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு.

"என்னம்மா ஆச்சு?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"என் தலையெழுத்து, சார்," என்றாள். போனை எடுத்து நெட்டையை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. அடுத்து அத்தையை அழைத்தாள்.

கட்டடத்தில் தொங்கும் பலகை மொத்தம் ஆறு. மூன்றில் வெறும் அறைப் பெயர். அதில் பிரச்சினை இல்லை. அம்பு போட்டவை மூன்று: அவசர சிகிச்சை, மருந்தகம், ஸ்கேன். மூன்றுக்கும் பின்பக்கம் பொய்.

அத்தை வாடகைக் காரில் வந்து இறங்கும்போது மணி எட்டரை. கையில் மஞ்சள் ஸ்டிக்கர் ரோல், கறுப்பு ரோல், வெட்டுக் கத்தி, இரும்பு ஸ்கேல். மருமகள் கழற்றி வைத்திருந்த பலகையைத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். "யார் செஞ்சது?" என்று கேட்கவில்லை. அத்தையிடம் மருமகளுக்குப் பிடித்த குணமே அதுதான். பிடிக்காத குணம், அதைப் பிறகு சரியான நேரம் பார்த்துக் கேட்பார்.

"பழைய அம்பு மேல மஞ்சளை ஒட்டிட்டு, அதுக்கு மேல புது அம்பு ஒட்டிடலாம் அத்தை."

அத்தை ரோலின் நுனியைப் பலகைமேல் வைத்துக் காட்டினார். பலகையில் இருந்தது எலுமிச்சை மஞ்சள். ரோல் கொஞ்சம் மாம்பழ மஞ்சள். ஒட்டினால் கிழிந்த சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி எல்லோர் கண்ணிலும் படும்.

"மூடி மறைக்கணும்னு பார்த்தா அசிங்கமாத்தான் இருக்கும்," என்றார் அத்தை. "வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கணும். அம்பு இருக்கற இடம் முழுக்கக் கறுப்புப் பட்டை போடு. அது மேல இந்த மஞ்சள்ல அம்பு. கறுப்பு மேல போனா மஞ்சள் எந்த மஞ்சளா இருந்தா என்ன?"

மருமகள் அவரையே பார்த்தாள். கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. "அப்போ ரெண்டு பக்கமும் போடணுமே அத்தை. ஒரு பக்கம் மட்டும் போட்டா ஜோடி சேராது."

"மூணு பலகை, ஆறு பக்கம். பேசிக்கிட்டிருந்தா ஆகுமா? அளந்து சொல்லு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மருமகள் அளவு சொல்லச் சொல்ல அத்தையின் கத்தி ஓடியது. பட்டை ஒன்பது அங்குலம். அம்பு ஏழு. ஸ்டிக்கருக்குள் காற்றுக் குமிழ் நிற்காமல் துணியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள் மருமகள். வெட்டிய ஒவ்வோர் அம்பையும் ஒட்டுவதற்கு முன், பலகையைச் சுவரில் சாய்த்து எழுந்து நின்று, கையை நீட்டி வலமா இடமா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். சூடு பட்டுவிட்டதல்லவா.

இரண்டாவது பலகை நடந்துகொண்டிருந்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. மேட்ரன். குள்ளமான உருவம், ஆனால் அவர் வந்தால் நடைகூடம் சின்னதாகிவிடும்.

"இதெல்லாம் ஏன் கீழே இருக்கு?"

அத்தை முந்திக்கொண்டார். "விழாவுக்கு முன்னாடி ஒரு தடவை துடைச்சிடலாம்னு..."

"இல்லை மேடம்," என்றாள் மருமகள். "பின்பக்கம் அம்பு தப்பாப் போச்சு. டிசைன்ல நான் செஞ்ச தப்பு. ஒன்பதரைக்குள்ள சரி பண்ணிடறோம்."

அத்தை அவள் தொடையில் கிள்ளினார். கிள்ளி என்ன செய்ய, வார்த்தை வெளியே போய்விட்டது. மேட்ரன் சாமான் அறையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கணக்கு அவருக்கும் புரிந்துவிட்டது.

"ஒரு ஸ்ட்ரெச்சர் அந்த ரூமுக்குள்ள போயிருந்தா அப்புறம் நான் யாருக்குப் பதில் சொல்றது?"

மருமகள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். மேட்ரன் அதோடு விடவில்லை.

"ஒன்பதே முக்காலுக்கு நான் ஓர் ஆளைக் கூட்டிட்டு வருவேன். இந்தக் கட்டடத்தையே பார்த்திராத ஆள். யாரையும் கேட்காம, உங்க போர்டை மட்டும் பார்த்து ஸ்கேன் ரூமுக்கு அவர் போய்ச் சேரணும். சேரலைன்னா, இருபத்தாறையும் கழட்டிக்கிட்டுப் போயிடுங்க."

அவர் போனதும் அத்தையின் கத்தி மறுபடி ஓடியது.

ஒன்பது இருபதுக்கு இரண்டு பலகைகள் ஏறிவிட்டன. மூன்றாவது ஸ்கேன் பலகை. அது தொங்கவேண்டிய இடம் படிக்கட்டுப் பக்கம். அங்கே கூரை இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். கழற்றும்போது மருமகள் கழியால் நெம்பி எப்படியோ கொக்கியை விடுவித்துவிட்டாள். திரும்ப மாட்டக் கழி உதவாது. ஏணியின் கடைசிப் படியில் நின்று எக்கிப் பார்த்தாள். விரலுக்கும் கொக்கிக்கும் இடையே ஒரு சாண்.

"சார், நீங்க கொஞ்சம் ஏறிப் பார்க்கறீங்களா?"

எலெக்ட்ரீஷியன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "சுவிட்ச் போர்டு உயரம்தான்ம்மா நம்ம லிமிட். அதுக்கு மேல போனா எனக்குத் தலை சுத்தும்."

கீழே அத்தை ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சரியான நேரம் வந்துவிட்டது. "அவன் எங்கேம்மா?"

ஏணி உச்சியில் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியவில்லை. "நான் கண்டபடி பேசிட்டேன் அத்தை. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்."

அத்தை ஏணியை இன்னும் அழுத்திப் பிடித்தார். மருமகளுக்குக் கண் கலங்கியது. மேலே நின்று அழுதால் கீழே அத்தை தலையில் விழும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மெஷின் என்னோடது. எடுத்துக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வாசல் பக்கம் நெட்டை நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. அவன் பார்வை அவளைத் தாண்டி, தரையில் கிடந்த பலகைக்குப் போயிற்று. கறுப்புப் பட்டை. மஞ்சள் அம்பு. திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தான்.

"ஓ," என்றான்.

மருமகள் ஏணியிலிருந்து இறங்கினாள். காலையில் எந்த எலெக்ட்ரீஷியன் முன்னால் பேசினாளோ அவர் அங்கேயே இருந்தார். இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவரும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

"தம்பி, போர்டும் என் தப்பு, பேச்சும் என் தப்பு. நீங்க சரியாத்தான் மாட்டியிருந்தீங்க. பார்க்காமலே பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

நெட்டை ஏணியில் ஏறினான். கடைசிப் படிக்குக்கூடப் போகவில்லை. கொக்கி கைக்கு எட்டியது. "சங்கிலியைக் குடுங்க அண்ணி," என்றான். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "நானும் பார்த்திருக்கணும். மட்டம் பார்த்தேன், சங்கிலி பார்த்தேன், அம்பைப் பார்க்கலை," என்றான்.

அவளுக்கு மூச்சு வந்தது. சுவரில் பாதியில் விட்டுப்போன கடைசிப் பலகையையும் அவன் மாட்டி முடித்தான்.

ஒன்பதே முக்காலுக்கு மேட்ரன் சொன்னபடி ஓர் ஆளோடு பின்வாசல் வழியாக வந்தார். தண்ணீர் கேன் போடுகிறவர். முதல் நாள் இன்று. தோளில் கேன் வேறு. "ஸ்கேன் ரூமுக்குப் போங்க. யாரையும் கேட்கக் கூடாது," என்றார் மேட்ரன். அந்த ஆள் ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, பயந்துகொண்டே நடந்தார்.

நால்வரும் பின்னால் போனார்கள். முதல் பலகையைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டினார். படிக்கட்டுப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். வலது பக்கம் பார்த்தார். தலையைச் சொறிந்தார். மருமகளின் கை தானாகப் போய் அத்தையின் கையைப் பிடித்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். கேனை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். இடது பக்கம் திரும்பி நேரே போய்க் கதவில் நின்றார்.

"இங்கேதானே மேடம்? கேனை இறக்கிடலாமா?"

மேட்ரன் சிரித்ததை அந்த ஆஸ்பத்திரியில் அன்றுதான் பார்த்திருப்பார்கள்.

"பழைய கட்டடம் மூணு மாடி இருக்கு," என்றார் அத்தையிடம். "அங்கே இருக்கற போர்டை நம்பிப் போனா ஆபரேஷனுக்கு வந்தவர் சமையல்கட்டுலதான் நிப்பார். அடுத்த வாரமே ஆரம்பிக்கணும். ஆனா ஒண்ணு. மாட்டினது யாரு? ஒரு சங்கிலியாவது ஏத்தம் இறக்கமா இல்லை. அவர்தான் வரணும். வேற ஆளை அனுப்பினா வேலை கிடையாது."

"அவரே வருவார் மேடம்," என்றாள் மருமகள் சந்தோஷம் தாங்காமல். "எங்க வீட்டுத் தம்பிதான்."

மேட்ரன் அத்தையைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். மருமகள் கிட்டத்தட்ட ஓடித்தான் வெளியே வந்தாள். நெட்டை கடை வேனின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கேட்டீங்களா? மூணு மாடி! அதுவும் நீங்கதான் வரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க மேட்ரன்."

அவன் கயிற்றை முடிச்சுப் போட்டான். அவிழ்த்தான். மறுபடி முடிச்சுப் போட்டான்.

"அண்ணி, ரவுண்டானா கடையில கூப்பிட்டாங்க."

"தெரியும். போன வாரம் நீங்க பேசினது காதுல விழுந்துது. அதான் காலையில அப்படி..."

"என்ன விழுந்துது?"

"அவங்க கடையில சேர்றதுன்னா, அப்படின்னு..."

"அண்ணன் ஊர்ல இல்லாதப்போ உங்க கடையில சேர்றதுன்னா நடக்கற காரியமா, வேணாம் சார்னு சொன்னேன். ஒரு வாரமா தினமும் கூப்பிட்டாங்க. தினமும் வேணாம்னுதான் சொன்னேன்."

மருமகளுக்குக் காது அடைத்தது.

"இன்னிக்குக் காலையில உங்ககிட்டேயிருந்து போய் டீக்கடையில நின்னேன். அப்பவும் கூப்பிட்டாங்க." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "சரின்னுட்டேன். திங்கட்கிழமை சேர்றேன்னு வார்த்தை குடுத்துட்டேன் அண்ணி."

திறப்பு விழாவுக்கு வந்த கார் ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்று. உள்ளே கை தட்டினார்கள். மன்னிப்புக் கேட்டது நிஜம், அவன் ஏற்றுக்கொண்டதும் நிஜம். ஆனால் அதற்கு முன்பே எல்லாம் முடிந்து போயிருந்தது. அவனாகப் போக நினைக்கவே இல்லை. அவள்தான் அனுப்பி வைத்திருக்கிறாள்.

நெட்டை பையிலிருந்து வேன் சாவியை எடுத்து நீட்டினான். "நீங்க ஓட்டுங்க. இனிமே நீங்கதானே ஓட்டணும். பழகிக்கிட்டா நல்லது."

அவள் சாவியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வியாழக்கிழமைதானே தம்பி?" என்றாள். கையை நீட்டவில்லை.